படத்துக்குக் குத்தகை எழுதுங்கள், கிரயம் எழுதாதீர்கள்

கும்பகோணத்துக்கு அருகே, அரசலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து 31 வயது ஓவியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்த அவர், மகள் உறங்கிய பிறகு இரவில் டேப்லெட்டில் வரைகிறார். நேரம் வாய்த்தால் கேன்வாஸிலும் வரைகிறார். நாற்று நடவு, ஆடிப்பெருக்கன்று படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைக்கும் பெண்கள், திருவாரூர் ஆழித்தேர், மகாமகக் குளம், மார்கழிக் கோலம் என்று வரைந்தவற்றை நான்கு ஆண்டுகளாக இன்ஸ்டாகிராமில் பதிவிட்டு வருகிறார். சென்ற ஆடி மாதத்தில், பக்கத்து ஊர்த் துணிக்கடை ஒன்று அவருடைய ஆடிப்பெருக்குப் படத்தைத் துணிப்பையில் அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறது. கேட்டதற்கு, "வாட்ஸ்அப்பில் வந்த படம், அதில் யார் பெயரும் இல்லை, நாங்கள் விற்கவும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. இது நடந்து சில மாதங்களில், பெங்களூரில் இயங்கும் ஓர் இணைய விற்பனை நிறுவனம் அவருடைய 14 படங்களை டி-சர்ட், கோப்பை, செல்போன் உறை ஆகியவற்றில் அச்சிட விரும்புவதாகவும், மொத்தமாக 30,000 ரூபாய் தருவதாகவும், ஒரு வாரத்துக்குள் கையெழுத்திட வேண்டும் என்றும் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இதற்கிடையே, முன்பு ஒரு கல்யாண மண்டப உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி 40,000 ரூபாய்க்கு வரைந்து கொடுத்த பெரிய காவிரி ஓவியத்தை அஞ்சலட்டையாகவும் நாட்காட்டியாகவும் தாமே அச்சிட்டு விற்கலாம் என்றும் அவர் நினைக்கிறார்.

அவர் சில முடிவுகளுக்கும் வந்திருக்கிறார். படங்களைப் பதிவு செய்யாததால் துணிக்கடை மீது தமக்கு உரிமை இல்லை என்கிறார். மண்டபத்து ஓவியம் தம் கையால் வரைந்தது என்பதால் அது என்றும் தமக்கே சொந்தம் என்கிறார். பிறர் எடுத்த ஒளிப்படத்தில் 30 சதவீதம் மாற்றிவிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்று தம்பி சொன்னதை நம்புகிறார். கடைசியாக, படத்தில் கையெழுத்துப் போட்டால் அழகு கெட்டுவிடுமே என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

ஒப்பந்தத்தின் நகலையும் நீங்கள் இணைத்திருந்ததால் தெளிவாகவே பதில் சொல்ல முடிகிறது. வந்திருக்கும் வடிவத்தில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். ஆனால் அந்த நிறுவனத்தை விரட்டிவிடவும் வேண்டாம். துணிக்கடை விஷயத்தில் உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக உரிமை இருக்கிறது. மண்டபத்து ஓவியத்தில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கிறது. பதிவு பற்றிய உங்கள் தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தயக்கம் முழுவதும் அதிலிருந்துதான் பிறந்திருக்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஓவியத்தின் உரிமை அதை வரைந்து முடித்த அந்த நேரத்திலேயே பிறந்துவிடுகிறது. கேன்வாஸில் வரைந்தாலும் டேப்லெட்டில் வரைந்தாலும் வேறுபாடு இல்லை. பதிவு கட்டாயமும் அல்ல. அதைச் செய்து வைத்தால், வழக்கு என்று வரும்போது பதிவேடு முதல்நிலைச் சாட்சியாக நிற்கும் என்பதே அதன் பயன். ஒரு கலைப்படைப்பைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய். விற்பனைப் பொருள்களில் பயன்படுத்தப்படும் அல்லது பயன்படுத்தத்தக்க படமாக இருந்தால் 2,000 ரூபாய், அத்துடன் வணிகச் சின்னப் பதிவகத்தின் தேடல் சான்றிதழும் வேண்டும். எல்லாப் படங்களையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதிகமாகப் பகிரப்படும், அதிகமாகக் கேட்கப்படும் ஐந்தாறு படங்களுக்குச் செய்தால் போதும்.

கிரயமா, குத்தகையா

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெல்டா நீதிமன்றங்களில் பெரும்பாலும் நில வழக்குகளே நடத்தி வருபவன். அதனால் எனக்குப் பழக்கமான சொற்களிலேயே சொல்கிறேன். ஒரு வேலி நிலம் வைத்திருப்பவர் அதைக் கிரயம் செய்து கொடுக்கலாம், குத்தகைக்கும் விடலாம். கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அடுத்த போகத்தில் அந்த வரப்பில் உரிமையோடு கால் வைக்க முடியாது. பதிப்புரிமையிலும் இதே இரண்டு வழிகள் இருக்கின்றன. உரிமையையே எழுதிக் கொடுப்பது உரிமை மாற்றம். உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது உரிமம். நிலக் குத்தகையில் ஒருமுறை இறங்கிய குத்தகைதாரரை எழுப்புவது எவ்வளவு கடினம் என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பட உரிமத்தில் அந்தச் சிக்கல் இல்லை, எழுதிய காலம் முடிந்ததும் அனுமதியும் முடிந்துவிடும். உங்களுக்கு வந்திருக்கும் தாளின் தலைப்பில் "உரிமம்" என்றுதான் இருக்கிறது. உள்ளே மூன்றாவது பிரிவில் எழுதியிருப்பதோ முழுக் கிரயம்.

அந்தப் பிரிவு, 14 படங்களின் "எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" நிறுவனத்துக்குச் சேரும் என்கிறது. "என்றென்றைக்கும்" என்ற சொல்லின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உங்களுக்கு இப்போது 31 வயது. உங்கள் மகளுக்கும், அவளுடைய பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டிய ஒரு சொத்தைப் படம் ஒன்றுக்கு 2,143 ரூபாய் வீதம் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். இந்தச் சொல்லை அவர்கள் போடுவதற்குக் காரணமும் உண்டு. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எல்லை கட்டுகிறது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும் என்றும் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பத்தி, "பயன்படுத்தாவிட்டாலும் உரிமை தொடரும்" என்று எழுதி அந்தப் பாதுகாப்பையும் எடுத்துவிடுகிறது. ஓவியருக்காகச் சட்டம் கட்டிய கரைகளை ஒவ்வொன்றாக உடைத்து எழுதப்பட்ட தாள் இது.

எனக்கு இதைவிட அதிகக் கவலை தருவது பதினொன்றாவது பத்தி. படங்களைப் பற்றி மூன்றாம் நபர் எவரேனும் உரிமை கோரினால் எல்லா இழப்பையும் ஓவியரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அது. இப்படியொரு பிரிவைக் கேட்பது வழக்கம்தான், உங்கள் படங்கள் எல்லாம் உங்களுடையவையாக இருக்கும்வரை அதில் ஆபத்தும் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஐந்தாவது படம் ஒரு திரைப்பட நடிகரின் உருவம். ஒன்பதாவது, வேறொருவர் எடுத்த நடவு ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். நடிகரின் பெயரையும் தோற்றத்தையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் தடுக்கின்றன. 2015இல் நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு தடை வழங்கியிருக்கிறது. ரசிகராக வரைந்து பக்கத்தில் பதிவிடுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடலாம். அதே படம் ஆயிரம் டி-சர்ட்டில் ஏறினால் நோட்டீஸ் வரும், அதன் செலவு இந்தப் பத்தியின்படி உங்கள் தலையில் விழும். முப்பதாயிரம் வாங்கிவிட்டு மூன்று லட்சத்துக்குப் பதில் சொல்லும் நிலை வரக்கூடாது. இந்த இரண்டு படங்களையும் எந்த ஒப்பந்தமானாலும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து, நிறுவனத்துக்கு என்ன பதில் எழுதுவது? வேண்டாம் என்று எழுத வேண்டியதில்லை. அவர்களிடம் வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது, அச்சு வசதி இருக்கிறது, பொருளை வீடு சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்களிடம் இவை இல்லை. ஆகவே இன்னொரு வகை ஒப்பந்தத்தை முன்வையுங்கள். பட்டியலில் மீதமுள்ள 12 படங்களில் மகாமகக் குளத்தையும் அதைச் சுற்றிய கோயில்களையும் வரைந்த நான்கைத் தனியே எடுத்து வையுங்கள். 2016க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அந்த ஆண்டு உங்கள் ஊருக்கு வரும் கூட்டம், நினைவுப்பொருளாக எடுத்துச் செல்ல ஒரு படத்தைத் தேடும். அந்த நான்கு படங்களின் மதிப்பை இப்போது பெங்களூரில் இருப்பவர்களைவிட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள். எஞ்சிய எட்டுப் படங்களுக்கு இந்தியாவுக்குள் மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், டி-சர்ட், கோப்பை, செல்போன் உறை என்ற மூன்று பொருள்களுக்கு மட்டும் உரிமம் தரலாம். பொருள்களின் பெயரை எழுதாமல் "வணிகப் பொருள்கள்" என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். உங்கள் படங்களில் அம்மனும் தேரும் இருக்கின்றன. அவை கால்மிதியிலும் காலணியிலும் அச்சாவதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள், உங்கள் ஊரும் பொறுக்காது. எவற்றில் அச்சிடக்கூடாது என்பதையும் ஒரு வரியில் எழுதிச் சேருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. டி-சர்ட் ஒன்றின் விலை 600 ரூபாய் என்றும், விற்பனை விலையில் 10 சதவீதம் உங்களுக்கு ராயல்டி என்றும் வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 60 ரூபாய் கிடைக்கும். 500 டி-சர்ட் விற்றால் 30,000 ரூபாய் வந்துவிடும். அதற்கு மேல் விற்கும் ஒவ்வொன்றும் உங்களுக்குக் கூடுதல் வருமானம், உரிமையும் உங்களிடமே இருக்கும். ஆனால் ஐம்பதே விற்றால் 3,000 ரூபாய்தான். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு இந்தப் பணம் உதவும் என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒரு தொகையை முன்பணமாகக் கேட்கச் சொல்கிறேன்: பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் விற்பனை குறைந்தால் திருப்பிக் கேட்கக்கூடாது என்று எழுதுங்கள். எட்டுப் படத்துக்கு 15,000 ரூபாய் கிடைத்தாலும் அது நல்ல பேரம். ராயல்டியை விற்பனை விலையின் மீது கணக்கிடச் சொல்லுங்கள். "நிகர லாபத்தில் பங்கு" என்று எழுதினால், விளம்பரச் செலவும் தள்ளுபடியும் திரும்பி வந்த சரக்கும் கழிந்த பிறகு உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை அவர்கள் சொல்லித்தான் நீங்கள் அறிவீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, காலம் முடிந்த பின் கையிருப்பை விற்க 90 நாள், ஒவ்வொரு பொருளிலும் உங்கள் பெயர், அச்சிடும் முன் மாதிரிக்கு உங்கள் ஒப்புதல் ஆகியவையும் இருக்கட்டும்.

மாதிரி ஒப்புதலை ஒரு சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். திரையில் ஒளியால் தெரியும் நிறம் வேறு, மையால் துணியில் ஏறும் நிறம் வேறு. உங்கள் நடவுப் படத்தில் நாற்றங்காலின் இளம்பச்சை கண்ணைப் பறிக்கிறது. நான்கு மை அச்சில் அந்தப் பச்சை பெரும்பாலும் மங்கிப் பாசிநிறமாகிவிடும். வெப்பத்தால் மையை ஏற்றும் சப்ளிமேஷன் முறை பாலியஸ்டர் துணியிலும் பூச்சுப் பூசிய கோப்பையிலும்தான் பிடிக்கும், பருத்தித் துணிக்கு வேறு முறை வேண்டும். மோசமாக அச்சான ஆயிரம் பிரதிகளில் உங்கள் பெயர் இருப்பது உங்களுக்கு இழப்பு. அடுக்குகள் பிரிந்திருக்கும் மூலக் கோப்பினை எந்த நிலையிலும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அச்சுக்குத் தேவையான அளவில் தட்டையான கோப்பு மட்டும் போகட்டும்.

உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்தவருக்கும் ஒன்று மிஞ்சுகிறது. படைப்பு தம்முடையது என்று உரிமை கோருவதும், தம் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைப்பதைத் தடுப்பதும் 57ஆம் பிரிவின்படி படைப்பாளியிடமே இருக்கும். சிற்பி அமர்நாத் சேகல், டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த சுவர்ச்சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்தபோது, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. என்றாலும் அதை நம்பிக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் அந்தத் தீர்ப்பைப் பெறப் பத்து ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்தில் காத்திருந்தார்.

நிறுவனம் எதையும் மாற்ற மறுத்தால், இரண்டு வழிகளை எடைபோடலாம். நீங்களே இனிப் பெரிதாகப் பயன்படுத்தப் போவதில்லை என்று தோன்றும் இரண்டு மூன்று படங்களை மட்டும், படத்துக்கு இன்னும் கூடுதல் விலை கேட்டு, தெரிந்தே கிரயம் செய்து கொடுக்கலாம், அதில் தவறில்லை. இல்லாவிட்டால் விலகிவிடலாம். ஒரு வாரக் கெடு அவர்களுடைய வசதிக்கானது. வழக்கு எழுந்தால் பெங்களூரில்தான் தீர்க்க வேண்டும் என்ற கடைசிப் பிரிவை மட்டும் எந்த வழியிலும் ஏற்காதீர்கள். பதிப்புரிமை வழக்கை, உரிமையாளர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு இடம் தருகிறது.

துணிக்கடைப் பை

"நாங்கள் விற்கவில்லை" என்பது பதில் ஆகாது. அனுமதியின்றிப் படி எடுத்ததே மீறல். கடைக்கு ஆள் சேர்க்கத்தான் அந்தப் பை கொடுக்கப்பட்டது. "பெயர் இல்லை" என்பதும் உரிமையைப் போக்கிவிடாது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்துக்குப் பதிப்புரிமை இருப்பது தமக்குத் தெரியாது, சந்தேகப்படவும் காரணம் இல்லை என்று மீறியவர் நிரூபித்துவிட்டால், அதற்கு இழப்பீடு கிடைக்காது. தடை உத்தரவும், விற்றதில் கிடைத்த லாபம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ மட்டுமே கிடைக்கும் என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. இலவசப் பையில் விற்ற லாபம் என்று காட்டத்தக்கது ஏதும் இருக்காது. யார் பெயரும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றிய படம் என்ற அவர்கள் வாதத்துக்கு அந்த இடத்தில் கொஞ்சம் வலு உண்டு. அதனால் இப்போதே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது அவசியம். அது கையில் கிடைத்த பிறகு "தெரியாது" என்று அவர்களால் சொல்ல முடியாது, அடுத்த ஆடித் தள்ளுபடிக்கு அதே பையை அச்சிடவும் துணிய மாட்டார்கள்.

அந்த நோட்டீஸில், மீதமுள்ள பைகளை ஒப்படைக்கவும், எத்தனை அச்சிட்டார்கள், யார் அச்சிட்டார் என்று தெரிவிக்கவும், நியாயமான ஒரு கட்டணத்தைச் செலுத்தவும் கேட்கலாம். இழப்பீட்டு வழக்குக்கு மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் கால வரம்பு உண்டு. பதிப்புரிமை மீறல் பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், நேராகக் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்பவர்களும் இருப்பார்கள். தெரிந்தே செய்தார்கள் என்று காட்ட வேண்டிய வழக்கு அது, உங்கள் சான்றுகள் இப்போதைக்கு அதற்குப் போதாது. அதைவிட, பக்கத்து ஊர்க் கடைக்காரரோடு பேசித் தீர்த்து, அடுத்த ஆண்டுப் பைக்கு முறைப்படி கட்டணம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுப்பது உங்களுக்கு நல்லது. அதுவரை முகநூலில் கடையின் பெயரைப் போட்டுத் "திருடர்கள்" என்று எழுதாதீர்கள். அது அவதூறு என்று உங்கள் மீதே திரும்பலாம்.

பை ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். படத்தின் மூலக் கோப்பு, முதலில் பதிவிட்ட நாளைக் காட்டும் திரைப்பிடிப்பு, கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழியாமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் இணைக்க வேண்டும்; அந்த டேப்லெட்டை விற்கவோ அழித்துப் புதுப்பிக்கவோ வேண்டாம்.

பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். நோட்டீஸ் செலவுக்கு அஞ்சி இதை விட்டுவிட வேண்டாம்.

மண்டபத்து ஓவியம்

இந்த இடத்தில் நான் சொல்வது உங்களுக்கு வருத்தம் தரும். படைத்தவரே முதல் உரிமையாளர் என்பதுதான் பொது விதி. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து வரையச் செய்த ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு விலக்கு வைத்திருக்கிறது. உங்களுக்கும் மண்டப உரிமையாளருக்கும் இடையே எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே அந்தக் காவிரி ஓவியத்தை அஞ்சலட்டையாக அச்சிட நீங்கள்தான் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். இதையே நீங்களாக வரைந்து வைத்திருந்து, அவர் வந்து பார்த்து வாங்கியிருந்தால், கேன்வாஸ் அவருடையதாகவும் அச்சிடும் உரிமை உங்களுடையதாகவும் இருந்திருக்கும்.

அவர் உங்களிடம் அன்பாகப் பழகுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அஞ்சலட்டை, நாட்காட்டி அச்சிட்டு விற்க அனுமதிப்பதாக அரைப் பக்கக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மண்டபத்தின் பெயரை அட்டையின் பின்புறம் போடுவதாகச் சொன்னால் மகிழ்ச்சியோடு தருவார் என்றே நினைக்கிறேன். அவர் மறுத்தாலும், அந்த ஓவியத்துக்காக நீங்கள் முன்பு வரைந்து பார்த்த முன்வரைவுகளை, முழு ஓவியத்தின் முதன்மை அமைப்பை அப்படியே திரும்பச் செய்யாமல், பயன்படுத்திக்கொள்ள 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பரிசல்காரரின் முகமும் நாணல் கரையும் தனித்தனிப் படங்களாக நன்றாகவே நிற்கும். இனி யார் கேட்டு வரைந்தாலும், "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்ற ஒரு வரியை முன்பண ரசீதிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

நீங்களே அச்சிட்டு விற்பதானால்

தம்பி சொன்ன 30 சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு கருத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, ஆனால் அதை வெளிப்படுத்திய விதம் கணிசமாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டையும் பார்த்தவருக்கு ஒன்று மற்றதன் நகல் என்ற எண்ணம் தெளிவாக எழுகிறதா என்று பார்க்கச் சொல்லி, 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நடவு நடக்கும் காட்சி எல்லோருக்கும் பொது. அந்த ஒளிப்படக்காரர் பிடித்த கோணமும் ஒளியும் வரிசையும் அவருடையவை. நீங்களே வயலுக்குப் போய்ப் படம் எடுத்து அதிலிருந்து வரையுங்கள். அப்போதும், நடவு நடும் பெண்ணின் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தால் அவரிடம் காட்டி அனுமதி பெறுங்கள். சேற்றில் குனிந்து நிற்கும் தம் முகம் யார் யார் சட்டையிலோ இருப்பதை அவர் விரும்புகிறாரா என்று கேட்பது நம் கடமை.

கோயில் கோபுரங்களையும் கற்சிற்பங்களையும் வரைவதில் பதிப்புரிமைத் தடை இல்லை. பழைய நாட்காட்டி அம்மன் படங்கள் அப்படி அல்ல. ராஜா ரவிவர்மா 1906இல் மறைந்தவர், அவர் ஓவியங்கள் பொதுவுடைமை ஆகிவிட்டன. 1976இல் மறைந்த நாட்காட்டி ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களுக்கோ 2036 முடியும்வரை உரிமை உண்டு. பழைய படம் என்பதால் மட்டும் எடுத்து அச்சிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

தங்கநிறம் சேர்த்து நீங்கள் வரைந்த டிஜிட்டல் கிருஷ்ணர் படங்களை "தஞ்சாவூர் ஓவியம்" என்ற பெயரில் விற்காதீர்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் புடைப்பு எழுப்பி, தங்கத் தாள் பதித்து, கல் ஒட்டிச் செய்வதற்குத்தான் அந்தப் பெயர் உரியது. கோப்பையில் அச்சாகும் மஞ்சள் மைக்கு அதைச் சூட்டுவது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அந்தத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்குச் செய்யும் தீங்கும்கூட.

இன்னொன்று, அதிகம் பேர் அறியாதது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், அது இடம்பெற்ற பொருளைத் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கிவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துவிடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தனித்து நிற்கும் ஓவியம் எது, பொருளுக்கென்று ஆக்கப்பட்ட வடிவமைப்பு எது என்று பிரித்தறியும் முறையை 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆடிப்பெருக்குப் படம் போன்று தானே ஓர் ஓவியமாக நிற்பது டி-சர்ட்டில் ஏறியதால் தன் உரிமையை இழந்துவிடாது என்பது என் கருத்து. நீங்கள் புடவைக்கரைக்காகத் திட்டமிடும் கோலத் தொடர் வேறு. துணியில் திரும்பத் திரும்ப வரும்படி அதற்கென்றே ஆக்கப்படுவது அது. அதை வடிவமைப்பாகப் பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே வெளியான வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியாது. விண்ணப்பிக்கும்வரை அந்தக் கோலங்களில் ஒன்றைக்கூட இன்ஸ்டாகிராமில் காட்டாதீர்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு டி-சர்ட்டை விற்றாலும் பதிவு வேண்டும். தொடங்கும் முன் ஓர் ஆடிட்டரை ஒருமுறை பாருங்கள்.

கையெழுத்தால் அழகு கெடுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். படத்தில் ஒருவரின் பெயர் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரே படைப்பாளி என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. துணிக்கடைக்காரரின் இரண்டாவது பதில், பெயர் இருந்திருந்தால் வாயிலேயே வந்திருக்காது. மூலையில் பெரிதாகப் போட்டால் வெட்டிவிடுவார்கள், அழகும் கெடும். படத்துக்குள்ளேயே வையுங்கள்: தேரின் வடத்தில், பரிசலின் விளிம்பில், நாற்றுக்கட்டைச் சுற்றிய கயிற்றில். ஆடிப்பெருக்குப் படத்தில் அந்தப் பெண்கள் நிற்கும் படித்துறையின் மூன்றாவது கல் வெறுமையாகத்தான் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதில் உங்கள் பெயரைச் செதுக்கியது போல எழுதிவிடுங்கள்.